உள்ளே விழுந்த துண்டு

வீட்டில் சாவியோ மூக்குக் கண்ணாடியோ காணாமற்போனால், புனித அந்தோனியாரை வேண்டிக்கொண்டு தேடத் தொடங்குவது நம் குடும்பங்களின் நெடுநாளைய வழக்கம். அவ்வாறு தேடப்படும் பொருள்களின் வரிசையில் இக்காலத்தில் புதியதொன்றும் சேர்ந்திருக்கிறது. சொந்தக் காரைத் தாமே பழுதுபார்க்க முற்படுவோரின் கையிலிருந்து நழுவி, காருக்குள்ளேயே விழுந்து மறைந்துவிடும் உடைந்த உறுப்பே அது. சாவி காணாமற்போனால் அலுவலகத்திற்குத் தாமதமாகலாம், அதற்குமேல் கேடில்லை. ஆனால் காருக்குள் விழுந்த ஓர் அரிசியளவுத் துண்டு, எஞ்சினையே பாழாக்கவும் கூடும். ஓட்டுபவரின் உயிருக்கே உலைவைக்கவும் கூடும். ஆகவே இப்பொருளைப் பற்றிச் சற்று விரிவாகச் சிந்திப்பது நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

தாம்பரத்திற்கும் திருப்பெரும்புதூருக்கும் இடையே அமைந்த ஊர் மணிமங்கலம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை எதிர்த்துப் பொருத களங்களுள் ஒன்றாக வரலாற்றில் இடம்பெற்ற ஊர். இன்று அவ்வூர் ஏரியின் பக்கமாக விரைந்து செல்வன யானைப் படைகளும் குதிரைப் படைகளும் அல்ல. தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஆலைப் பேருந்துகளே. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு ஹூண்டாய் நிறுவனத்தின் கார்கள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-ஆம் ஆண்டு ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. அவற்றைச் சார்ந்து எத்தனையோ உதிரிபாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. பகலும் இரவும் முறை மாற்றி வேலை செய்யும் இளைஞர் பலர் இவ்வட்டாரத்து வீடுகளில் குடியிருக்கின்றனர். கார் செய்யும் வட்டாரத்தில் வாழ்ந்துகொண்டு, சிறு பழுதுக்கெல்லாம் பிறரிடம் போவதா என்னும் எண்ணம் அவர்களுக்கு எழுவது இயல்பே. அவ்வெண்ணத்தில் தவறும் இல்லை. ஆனால் அங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

ஒரு ஞாயிறு மாலை

நான் நன்கறிந்த குடும்பம் அது. தந்தை அலுவலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்காலத் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, பழைய சிறிய கார் ஒன்றை வாங்கியிருந்தார். மூத்த மகன் ஆலையொன்றில் பணிபுரிபவன். தாயாருக்கு மறுநாள் திங்கட்கிழமை காலையில் தாம்பரத்தில் கண்புரை அறுவை சிகிச்சை. விடியுமுன் புறப்பட வேண்டும். கார் சில நாள்களாகத் திக்கித் திக்கி ஓடிக்கொண்டிருந்தது. புதிய ஸ்பார்க் பிளக்குகளை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று கருதிய மகன், ஞாயிறு பிற்பகல் வாசலில் காரை நிறுத்தி வேலையைத் தொடங்கினான்.

முதல் இரண்டு பிளக்குகளும் எளிதாக வந்துவிட்டன. மூன்றாவதைக் கழற்றும்போது ஸ்பேனர் சற்றுச் சாய்ந்தது. "டக்" என்றோர் ஓசை. பிளக்கின் மேற்பகுதியில் உள்ள வெண்மையான பீங்கான் உடைந்துவிட்டது. அவன் அதைப் பெரிதாக எண்ணாமல் மேலும் திருகி, பிளக்கை வெளியே எடுத்துவிட்டான். உடைந்த பகுதிகளைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் அவன் முகம் வாடியது. துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தினான். ஓரிடத்தில் இடைவெளி இருந்தது. ஏதோ ஒரு துண்டு குறைந்தது.

இங்கே நடந்ததை நாம் தெளிவாக உணர்தல் வேண்டும். இக்காலத்துக் கார்கள் பலவற்றில் ஸ்பார்க் பிளக், எஞ்சினின் தலைப்பகுதியில், குறுகிய கிணறு போன்ற ஆழமான குழியின் அடியில் பொருத்தப்பட்டிருக்கும். பீங்கான் உடைந்தவுடன் சில்லு அக்கிணற்றின் அடியில், பிளக்கைச் சுற்றித் தங்கியிருக்கும். பிளக் திருகப்பட்ட நிலையில் இருக்கும்வரை அதுவே மூடியாக நின்று காக்கும். பிளக்கை வெளியே எடுத்த கணமே, ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் அகலமுள்ள துளை திறந்துகொள்கிறது. சில்லு அதன் வழியே நேராகச் சிலிண்டருக்குள், பிஸ்டனின் தலைமேல் விழக்கூடும். உடைந்த ஓசை கேட்டவுடனே அவன் கையை நிறுத்தி, கிணற்றைத் துப்புரவு செய்த பின்னர் பிளக்கைக் கழற்றியிருந்தால் இத்தொல்லை நேர்ந்திராது. ஆனால் இதனை நாம் எல்லாரும் நிகழ்ந்த பின்னர்தானே அறிகிறோம்!

மகனின் உள்ளத்தில் போராட்டம் எழுந்தது. "சிறிய சில்லுதானே! ஒருவேளை வெளியில் தெறித்திருக்கலாம். உள்ளே விழுந்திருந்தாலும் புகையோடு புகையாக வெளியே போய்விடாதா? அப்பாவிடம் சொன்னால் வருந்துவார். அம்மாவோ அறுவை சிகிச்சையை நினைத்து ஏற்கெனவே கலங்கியிருக்கிறார்." புதிய பிளக்கை மாட்டி, சாவியைத் திருப்பிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவன் புதிய பிளக்கைக் கையில் எடுத்தும்விட்டான்.

அந்நேரம் காப்பியோடு வாசலுக்கு வந்த தந்தை, மகன் சிலைபோல் நிற்பதைக் கண்டு, "என்னப்பா, முடிந்துவிட்டதா?" என்று கேட்டார். சற்று நேரம் மௌனம். பிறகு மகன், "இல்லை அப்பா. பீங்கான் உடைந்துவிட்டது. ஒரு துண்டைக் காணவில்லை. எஞ்சினுக்குள் விழுந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது," என்றான்.

"அப்படியானால் சாவியைத் தொடாதே. அம்மாவை அழைத்துப் போக வேறு வண்டி பேசிக்கொள்ளலாம்." தந்தை சொன்னது அவ்வளவே.

ஏன் சாவியைத் தொடக் கூடாது?

தந்தைக்கு எஞ்சினின் நுட்பம் தெரியாது. எனினும் அவர் கூறிய சொல் பொன்னேபோல் போற்றத்தக்கது. ஏனெனில் உள்ளே விழுந்த துண்டு, எஞ்சின் அசையாமல் இருக்கும்வரை தீங்கற்றது. எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் நிலைமை மாறிவிடும். நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் என்னும் மிதமான வேகத்தில் கார் செல்லும்போது, பிஸ்டன் ஒவ்வொரு விநாடியிலும் 50 முறை மேலே ஏறி 50 முறை கீழே இறங்குகிறது. மேலே வந்து திரும்பும் இடத்தில் அதற்கும் எஞ்சினின் தலைப்பகுதிக்கும் இடையே எஞ்சும் இடம் மிகக் குறுகியது. அங்கே அகப்பட்ட சில்லு சம்மட்டிக்கும் பட்டறைக்கல்லுக்கும் இடையே அகப்பட்டதைப் போன்றது.

அப்படியானால் சில்லு பொடியாகிவிடாதா என்று கேட்கலாம். பிளக்கின் பீங்கான், நாம் தேநீர் பருகும் பீங்கான் கோப்பையைப் போன்றதன்று. அது பெரும்பாலும் அலுமினா என்னும் பொருளால் ஆனது. மாணிக்கமும் நீலக்கல்லும் அதே பொருளின் படிகங்களே! கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் வைரத்திற்குப் பத்து; இதற்கு ஒன்பது. சிலிண்டரின் சுவரோ, அலுமினியக் கலவையால் ஆன பிஸ்டனோ இக்கடினத்திற்கு ஈடு கொடுக்க இயலாது. சில்லு பொடிந்தாலும் அப்பொடி தேய்ப்புத்தாள் போல் சுவரில் கீறல்களை உண்டாக்கும். வால்வின் விளிம்பில் சிக்கினால் வால்வு சரியாக மூடாது. இரண்டு நிமிட அவசரம் எஞ்சினையே பிரித்து வேலை பார்க்கும் பெருஞ்செலவில் கொண்டுபோய் விட்டுவிடும்.

எங்கே விழுந்தது?

விழுந்த துண்டு எல்லா இடத்திலும் ஒரே அளவு ஆபத்தானதன்று. எனவே தேடுவதற்கு முன் எங்கே விழுந்திருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்ப்பது அறிவுடைமை.

எஞ்சினுக்கு வெளியே, பானெட்டுக்குள் ஏதோ ஓர் இடுக்கில் விழுந்திருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. முற்காலத்தில் இது இன்னும் எளிதாக இருந்தது. சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில், முன்பக்க உடற்பகுதி முழுவதுமே முன்னோக்கித் திறந்துகொள்ளும். 2014-ஆம் ஆண்டு வரை உற்பத்தியான அம்பாசிடர் காரில் எஞ்சினைச் சுற்றிக் கை நுழைய தாராளமான இடம் உண்டு. நழுவிய நட்டு நேராகத் தரையில் விழுந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்றைய கார்கள் பலவற்றிலோ அடியில் பிளாஸ்டிக் தட்டு மூடியிருப்பதால் விழுந்தது தரைக்கு வருவதில்லை. ஆயினும் மின்விசிறி, பெல்ட் ஆகியவற்றின் அருகே அது தங்கியிருக்கக் கூடாது என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

காற்று வடிகட்டியைக் கழற்றிய குழாய்க்குள் விழுந்தால் ஆபத்து மிகுதி. எஞ்சின் மூச்சிழுக்கும் வழி அது. ஓடத் தொடங்கியவுடன் அதனைச் சிலிண்டருக்கே இழுத்துக்கொள்ளும். எண்ணெய் ஊற்றும் வாயில் விழுந்தது, வழியில் எங்கேனும் தங்கலாம். அல்லது டைமிங் செயின் ஓடும் பாதை வழியாக அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி வரை செல்லலாம். செயினுக்கோ பெல்ட்டுக்கோ இடையில் அது அகப்பட்டால், பற்கள் தாண்டி, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் நிலை நேரலாம். பிளாஸ்டிக் துண்டாயின் எண்ணெய்த் தொட்டியில் உள்ள சல்லடையை அடைக்கவும் கூடும்.

கதவுக்குள் விழுந்தவை அநேகமாக ஓசையால் தொல்லை தருவனவே. கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பின் உடைந்த பிளாஸ்டிக் துண்டு கதவின் அடியில் கிடந்து, ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் கலகலக்கும். எனினும் அங்கே தண்ணீர் வடிவதற்கென அமைந்த துளைகளை அது அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

யாவற்றினும் நாம் அஞ்ச வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது எஞ்சின் அன்று, ஓட்டுபவரின் காலடி. டேஷ்போர்டின் அடியில் வேலை செய்தபோது நழுவிய ஒரு துண்டு, பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டு நின்றுவிட்டால், மிதிக்க வேண்டிய வேளையில் பெடல் கீழே இறங்காது. எஞ்சின் கெட்டால் பணம் போகும். பிரேக் பிடிக்காவிட்டால் உயிர் போகும். ஆகவே காலடியில் விழுந்ததைக் கண்டெடுக்காமல் ஒரு முழ தூரமும் வண்டியை நகர்த்தலாகாது.

தேடும் முறை

காணாமற்போன வெள்ளிக்காசைத் தேடிய பெண், விளக்கை ஏற்றி, வீட்டைப் பெருக்கி, கண்டுபிடிக்கும்வரை தேடினாள் என்று ஆண்டவர் கூறிய உவமையை நாம் அறிவோம். கார் பழுதுபார்ப்பவருக்கும் அதைவிடச் சிறந்த வழிமுறை வேறில்லை. முதலில் விளக்கு, பிறகு துப்புரவு, அதன்பின் பொறுமை.

அன்று மாலை அக்குடும்பத்திற்கு உதவ வந்தவர், அதே தெருவில் வசிக்கும் அனுபவமிக்க மெக்கானிக். அவர் வந்ததும் எஞ்சினைப் பார்க்கவில்லை. "தம்பி, பிளக்கைக் கழற்றிய சாக்கெட்டை முதலில் கொடுங்கள்," என்றார். அதைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் தட்டினார். பிளக்கைப் பற்றிக்கொள்ள அதனுள் வைக்கப்பட்டிருக்கும் ரப்பர் வளையத்திலிருந்து ஒரு வெண்சில்லு விழுந்தது! மகன் மகிழ்ச்சியால் துள்ளிக் குதித்தான். மெக்கானிக்கோ புன்னகை செய்து, அச்சில்லையும் ஏனைய துண்டுகளையும் வெள்ளைத் துணிமேல் வைத்து நிதானமாகப் பொருத்தினார். "இன்னும் ஓர் அரிசியளவு குறைகிறதே, தம்பி," என்றார். தேடுவோர் பலரும் தவறுவது இவ்விடத்தில்தான். ஒன்று கிடைத்தவுடன் எல்லாம் கிடைத்துவிட்டதென்று எண்ணிவிடுகிறோம். உடைந்த பாத்திரத்தின் ஓடுகளை ஒட்டிப் பார்ப்பதுபோல் முழு வடிவத்தையும் கூட்டிப் பார்த்த பின்னரே தேடுதல் முடிந்ததா என்று சொல்ல இயலும்.

அடுத்து, கைபேசியோடு இணைக்கக்கூடிய மெல்லிய கேமராக் குழாய் ஒன்றைத் துளைக்குள் இறக்கினார். 1806-ஆம் ஆண்டில் பிலிப் போட்சினி என்னும் ஜெர்மானிய மருத்துவர், மெழுகுவர்த்தியின் ஒளியைக் குழாய் வழியே செலுத்தி மனித உடலின் உட்புறத்தைக் காண ஒரு கருவியைச் செய்தார். அதன் வழிவந்த பேரப்பிள்ளை என்று இக்கேமராவைச் சொல்லலாம். கைபேசியின் திரையில், கரி படிந்த பிஸ்டனின் தலைமேல், இருண்ட வானில் தோன்றும் விண்மீன்போல் அந்தச் சில்லு வெண்மையாகத் தெரிந்தது.

இனி எடுப்பது எப்படி? "காந்தம் கொண்டு எடுக்கலாமே!" என்றார் தந்தை. காந்தம் இரும்பையும் எஃகையும் ஈர்க்கும். இரும்பாலான போல்ட், வாஷர் முதலியவற்றை எடுக்க, நீளும் தண்டில் பொருத்திய காந்தமே தலைசிறந்த கருவி. ஆனால் அலுமினியம், பித்தளை, செம்பு, பிளாஸ்டிக், பீங்கான் ஆகியவற்றிடம் காந்தத்தின் ஆட்சி செல்லாது. எதை எடுக்கப்போகிறோம் என்பதை அறிந்து கருவியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

தந்தை வீட்டிற்குள் சென்று ஓர் ஈர்க்குச்சியைக் கொண்டுவந்து, "இதன் நுனியில் கிரீஸ் தடவி ஒற்றியெடுத்தால்?" என்று கேட்டார். "யோசனை நல்லதுதான் சார். ஆனால் ஈர்க்குச்சி உள்ளே ஒடிந்துவிட்டால், ஒன்றைத் தேடப்போய் இரண்டைத் தேட வேண்டிவரும்," என்றார் மெக்கானிக். உள்ளே நுழைக்கும் எதுவும் ஒடியாததாக இருக்க வேண்டும். அதன் மறுமுனை வெளியே நம் கையில் இருக்க வேண்டும். சிறு கருவியாயின் அதில் ஒரு நூலையாவது கட்டியிருக்க வேண்டும். இவ்விதியைப் பொன்னெழுத்துகளில் பொறித்து வைக்கலாம்.

பிறகு அவர் மின்சார இணைப்பைத் துண்டித்துவிட்டு, எஞ்சினின் முன்புறமுள்ள கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, கையாலேயே மெல்ல மெல்லத் திருப்பினார். பிஸ்டன் உயர்ந்து வந்து, கைக்கு எட்டும் தொலைவில் நின்றது. உச்சிவரை அதைக் கொண்டுசெல்லவில்லை. அங்கே சில்லு நசுங்கிவிடுமன்றோ! வளையும் தன்மையுள்ள மெல்லிய பிளாஸ்டிக் குழாயின் நுனியில் ஒரு துளி கெட்டியான கிரீஸைத் தடவி, கேமராவின் ஒளியில் சில்லின்மேல் ஒற்றினார். முதல் முறை நழுவியது. இரண்டாம் முறையும் நழுவியது. மூன்றாம் முறை குழாய் வெளியே வந்தபோது, அதன் நுனியில் அந்த அரிசியளவு வெண்சில்லு ஒட்டிக்கொண்டிருந்தது. துணிமேல் இருந்த துண்டுகளோடு அதைச் சேர்த்தார். இடைவெளி நிறைந்தது. பீங்கான் முழுமையாயிற்று.

வேக்குவம் கிளீனரின் முனையில் மெல்லிய குழாயைப் பொருத்தி உறிஞ்சி எடுப்பாரும் உண்டு. ஆனால் அதன் மோட்டாரில் தீப்பொறி எழும். பெட்ரோல் ஆவி இருக்குமிடத்தில் அதைப் பயன்படுத்துவது தீயோடு விளையாடுவதாகும். அழுத்தக் காற்றைப் பாய்ச்சுவோர் கண்களுக்குக் காப்புக் கண்ணாடி அணிதல் வேண்டும். சில்லு எப்பக்கம் தெறிக்கும் என்று யாரும் அறியார். கதவைப் பிரிப்பவர், கண்ணாடி திடீரென விழாதபடி ஒட்டுத்தாளால் கட்டி நிறுத்த வேண்டும். ஏர்பேக் உள்ள கார்களில், பொதுவாக மஞ்சள் நிறத்தில் காணப்படும் அதன் இணைப்புகளைத் தொடாமல் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுவதே நன்று. யாவற்றிற்கும் மேலாக, ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பிக் காரின் அடியில் எவரும் தலையை நீட்டலாகாது. ஒரு போல்ட்டுக்காக உயிரைப் பணயம் வைப்பது பேதைமை.

மருத்துவர் காட்டிய வழி

குறுகிய வழியில் விழுந்ததை மீட்டெடுக்கும் கலையில் உலகப் புகழ்பெற்ற ஒருவர் இருந்தார். அவர் கார் மெக்கானிக் அல்லர், மருத்துவர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பணியாற்றிய செவாலியர் ஜாக்சன் (1865–1958), குழந்தைகளும் பெரியவர்களும் விழுங்கிய அல்லது மூச்சுக்குழலுக்குள் இழுத்துக்கொண்ட ஊக்கு, பொத்தான், நாணயம், ஆணி போன்றவற்றை, உடலைக் கிழிக்காமல் வாய் வழியாகவே குழாய்க் கருவி கொண்டு எடுத்தார். அவ்வாறு எடுக்கப்பட்டவற்றுள் 2,374 பொருள்கள் அந்நகரின் மூட்டர் அருங்காட்சியகத்தில் இன்றும் வைக்கப்பட்டுள்ளன.

திறந்த நிலையிலுள்ள ஊக்கை அப்படியே இழுத்தால் தொண்டையைக் கிழித்துவிடும். எனவே உள்ளேயே அதை மூடிவிட்டு, அதன்பின் வெளியே எடுக்க அவர் தனிக் கருவியை அமைத்தார். அதே வகைப் பொருளை வெளியில் வைத்து முன்கூட்டியே பயிற்சி செய்து பார்ப்பதும் அவருடைய வழக்கம். நம் மெக்கானிக்குகளும் இதையே வேறு விதமாகச் செய்கின்றனர். விழுந்த நட்டு எங்கே போனதென்று தெரியாவிட்டால், அதே அளவுள்ள இன்னொரு நட்டை நூலில் கட்டி, அதே இடத்திலிருந்து இறக்கி, அது செல்லும் வழியைக் கவனிக்கின்றனர். பிலடெல்பியாவுக்கும் மணிமங்கலத்திற்கும் எவ்வளவோ தொலைவு! பொறுமையாளர் கண்ட வழி மட்டும் ஒன்றுபோலவே இருக்கிறது.

சிறு துண்டும் பெருந்தீங்கும்

"ஒரு சிறு துண்டுக்கு இவ்வளவு பேச்சா?" என்று சிலர் எண்ணலாம். இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் இங்கே நினைவூட்டுகிறேன்.

1980-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் மாலை, அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் டமாஸ்கஸ் என்னும் ஊரின் அருகே, நிலத்தடியில் நிறுத்தப்பட்டிருந்த டைட்டன் ஏவுகணையில் பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. தொழிலாளி ஒருவரின் ஸ்பேனரிலிருந்து, ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடையுள்ள சாக்கெட் ஒன்று நழுவி, சுமார் 24 மீட்டர் ஆழம் விழுந்து, ஏவுகணையின் எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. மறுநாள் அதிகாலை அந்த ஏவுகணை வெடித்துச் சிதறியது. ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். அதன் தலையிலிருந்த அணுகுண்டு வெடிக்காமற்போனது பெரும் பேறு.

2000-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் பாரீசில், ஒரு விமானத்தில் பழுதுபார்க்கும்போது பொருத்தப்பட்டிருந்த உலோகப் பட்டை கழன்று ஓடுபாதையில் விழுந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 43 சென்டிமீட்டர். சில நிமிடங்களுக்குப் பின் அதே பாதையில் ஓடிய கான்கார்டு விமானத்தின் டயரை அது கிழிக்க, டயர்த் துண்டு எரிபொருள் தொட்டியைத் தாக்க, விமானம் தீப்பற்றி வீழ்ந்தது. அதில் இருந்த 109 பேரும் தரையிலிருந்த 4 பேரும் மாண்டனர்.

இதனாலேயே விமானப் பணிமனைகளில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவிலேயே இடம் வரைந்து வைத்திருப்பார்கள். வேலை முடிந்ததும் ஓர் இடம் வெறுமையாகத் தெரிந்தால், அக்கருவி கிடைக்கும்வரை விமானம் புறப்படாது. அறுவை சிகிச்சைக் கூடங்களிலும் இதே ஒழுங்கு உண்டு. நோயாளியை வெளியே கொண்டுசெல்லும் முன் கருவிகளும் பஞ்சுத் துணிகளும் ஊசிகளும் எண்ணி முடிக்கப்பட்டனவா என்று உறுதிசெய்வதை, உலக நலவாழ்வு நிறுவனம் 2008-ஆம் ஆண்டு வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

நம் வீட்டு வாசலில் இவ்வளவு ஏற்பாடுகள் வேண்டியதில்லை. வேலை தொடங்குமுன் கருவிகளை எண்ணி ஒரு தட்டில் வைப்போம். கழற்றுவனவற்றைக் கழற்றிய வரிசையிலேயே வெள்ளைத் துணிமேல் அடுக்குவோம். ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வோம். திறந்த துளை ஒவ்வொன்றையும் உடனே மூடுவோம். மூடும் துணி பளிச்சென்ற நிறமுடையதாகவும், உள்ளே போய்விடாத அளவு பெரியதாகவும் இருக்கட்டும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே பிளக்கைத் தொடுவோம். முடிந்ததும் மீண்டும் எண்ணுவோம். இவற்றிற்குச் செலவு ஏதும் இல்லை. பத்து நிமிடமே மிகுதியாகும்.

சொல்லிவிடும் துணிவு

அன்று இரவு எட்டரை மணிக்கு அந்தக் கார் மீண்டும் உயிர்பெற்றது. திக்கல் இல்லை, திணறல் இல்லை. எனினும் தந்தை ஏற்கெனவே வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டார். அதிலேயே மறுநாள் தாயாரை அழைத்துச் சென்றனர். "அறுவை நாளன்று வழியில் எங்கேயாவது நின்றுவிடுமோ என்ற எண்ணமே அவளுக்கு வேண்டாம்," என்றார் அவர். சிகிச்சை நலமாக முடிந்தது. மூன்றாம் நாள் வீடு திரும்பிய பின்னர்தான் தாயாருக்கு நடந்ததைச் சொன்னார்கள். அவர் மகனைப் பார்த்து, "உன் அப்பா கோபித்துக்கொள்வார் என்று நினைத்தாயா?" என்று மட்டும் கேட்டாராம்.

அக்கேள்வியை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. காருக்குள் விழுந்த துண்டை எடுக்கக் கருவிகள் பல உள்ளன. ஆனால், "என் கையிலிருந்து விழுந்துவிட்டது," என்று சொல்ல நாவெழாவிடில் அக்கருவிகளால் பயன் என்ன? அன்று அம்மகன் உண்மையைச் சொன்னதற்குக் காரணம் அவன் நேர்மை மட்டுமன்று. சொன்னால் வீட்டில் இடி விழாது என்று அவன் உள்ளத்தில் எங்கோ இருந்த நம்பிக்கையும்தான். அந்நம்பிக்கையை அவன் சிறுவனாக இருந்தபோதே, கண்ணாடிக் குவளையை உடைத்துவிட்டு அழுது நின்ற நாள்களில், பெற்றோர் அவனுக்கு அளித்திருக்க வேண்டும்.

பெற்றோரே, நம் பிள்ளைகள் ஒன்றை உடைத்துவிட்டு நம்முன் வந்து நிற்கும்போது, நாம் முதலில் கேட்பது "ஏன் உடைத்தாய்?" என்பதா, "உனக்கு அடிபட்டதா? துண்டுகள் எல்லாம் கிடைத்தனவா?" என்பதா? முன்னதைக் கேட்டுப் பழகிய பிள்ளை, நாளை ஆலையில் ஓர் எந்திரத்தினுள் கருவியைத் தவறவிட்டாலும் மறைக்கவே முயலும். பின்னதைக் கேட்டு வளர்ந்த பிள்ளையோ, கையை உயர்த்தி எந்திரத்தை நிறுத்தச் சொல்லும். அதனால் பிறர் உயிர்களும் காக்கப்படும்.

அந்தத் தந்தை, உடைந்த பிளக்கின் துண்டுகளை ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் இட்டு, காரின் சாவி தொங்கும் ஆணியின் அருகே வைத்திருக்கிறார். சென்ற முறை நான் அவ்வீட்டிற்குச் சென்றபோது அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஐந்து துண்டுகள். ஐந்தும் அதில் இருந்தன.